வேலையை விடுவதா, மாற்றுவதா? 50 வயதைக் கடந்த ஆசிரியைகளுக்கு ஒரு வீட்டுக் கணக்கு

பெண்கள் பலரின் வாழ்க்கையில் ஐம்பது வயதை ஒட்டி மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. மாமியாரோ அம்மாவோ படுக்கையில் விழுகிறார். பிள்ளைகள் கல்லூரியிலோ முதல் வேலையிலோ இருக்கிறார்கள், செலவு குறைந்தபாடில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் வேலையோ, உடம்பு தாங்காத அளவுக்கு அலைச்சலாகத் தெரியத் தொடங்குகிறது.

அந்த வேலை ஆசிரியர் வேலை என்றால் சிக்கல் இன்னும் ஒரு படி கூடும். அலுவலகத்தில் ஒருவர் அரை மணி நேரம் தாமதமாக வந்தால் கோப்பு காத்திருக்கும். முதல் பீரியடில் நாற்பது பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள்.

வட சென்னையில், வியாசர்பாடியை ஒட்டியிருக்கும் எம்.கே.பி. நகரை எடுத்துக்கொள்வோம். மகாகவி பாரதியார் நகர் என்பதன் சுருக்கம் அது. மணலி, எண்ணூர், துறைமுகம், பெரம்பூர் ரயில்வே தொழிற்சாலைகள் என்று ஆண்கள் ஷிஃப்டுக்குக் கிளம்பும் பகுதி. பெண்களில் பலர் அண்ணா நகர், கீழ்ப்பாக்கம் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். பேருந்திலும் நடையிலுமாகப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஐப்பசி மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கிவிட்டால் அன்றைக்குக் கணக்கே இல்லை.

இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கணித ஆசிரியைக்கு 52 வயது. 14 ஆண்டுகளாக அண்ணா நகரில் ஒரு தனியார் பள்ளியில் வேலை. கணவருக்கு மணலியில் ஷிஃப்ட். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் சரியாக வேலை செய்யவில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே ஒரு யோசனைதான் சொல்கிறார்கள்: "போதும்மா, வேலையை விட்டுடு."

அந்த யோசனை சரியாகவும் இருக்கலாம். ஆனால் கணக்குப் போடாமல் எடுக்கும் முடிவாக அது இருக்கக் கூடாது.

யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

மத்திய அரசின் புள்ளியியல் அமைச்சகம் 2024ஆம் ஆண்டு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னது. 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் யாரையாவது பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள். ஆண்களில் இது 21 சதவீதம் சொச்சம். பராமரிப்பில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 140 நிமிடம் செலவிடுகிறார். ஆண் 74 நிமிடம். சமையல், துணி, பாத்திரம் எல்லாம் இந்தக் கணக்கில் வராது. அவை தனி.

ஆக, வேலையை விடுவதைப் பற்றிப் பேசுவதற்கு முன் வீட்டில் ஒரு பேச்சு நடந்தாக வேண்டும். யார் எந்த நேரத்தில் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு. ஷிஃப்ட் வேலை செய்யும் ஆண்கள் உள்ள வீடுகளில் இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. கணவரின் ஷிஃப்ட் அட்டவணையையும் மனைவியின் பள்ளி டைம்டேபிளையும் ஒரே தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுவது. மதியம் 2 மணி ஷிஃப்ட் வாரத்தில் அவர் காலையில் வீட்டில்தான் இருப்பார். அம்மாவுக்குப் பல் துலக்கி, துடைத்துவிட்டு, இட்லி ஊட்டி, மாத்திரை கொடுப்பது அந்த வாரம் அவருடைய வேலை. இரவு ஷிஃப்ட் வாரத்தில் பகலில் அவருக்குத் தூக்கம் வேண்டும். அந்த வாரத்துக்குத்தான் வெளி உதவி தேவை. "தினமும் முழு நேரமும் ஆள் வேண்டும்" என்று தோன்றியது, எழுதிப் பார்த்தால் சில வாரங்களில் சில மணி நேரமாகச் சுருங்கும்.

திருவொற்றியூரிலோ ராயபுரத்திலோ நாத்தனார் இருந்தால் அவரும் கணக்கில் உண்டு. "நீங்க எப்ப வேணா வாங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் வர மாட்டார்கள். நாளும் நேரமும் சொல்லிக் கேட்க வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை காலைல பத்துலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் அத்தையைப் பாத்துக்க முடியுமாம்மா? எனக்குப் பேப்பர் திருத்தணும்."

"அதுக்கென்ன அண்ணி, சமைச்சே எடுத்துட்டு வந்துடறேன்."

இந்த நாலு மணி நேரம் சின்னதாகத் தெரியலாம். மாதத்துக்குப் பதினாறு மணி நேரம் அது.

வாசலுக்கு வரும் உதவி

பக்கவாதம் வந்தவர்களுக்கு முதல் சில மாத பிசியோதெரபி மிக முக்கியம். தினமும் ஆட்டோ வைத்து அழைத்துப் போவது முடியாத காரியம் என்பதால்தான் பல வீடுகளில் அது நின்றுபோகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகள் மட்டுமல்ல, வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் உண்டு. பகுதியில் உள்ள மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டிப் பெயரைப் பதிந்துகொள்ளலாம். விவரம் கேட்க 104 என்ற எண் இருக்கிறது.

முதியோர்களுக்கென்றே கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பக்கவாதம், மறதி நோய், அடிக்கடி விழுவது என்று பல பிரச்னைகள் சேர்ந்திருப்பவர்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மருத்துவரைத் தேடி அலைவதைவிட ஒரே இடத்தில் காட்டுவது நல்லது. அவசரம் என்றால் வட சென்னைக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம். முகம் கோணுவது, கை தளர்வது, பேச்சு குழறுவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழைத்து உடனே கிளம்ப வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஒன்று. "கொஞ்சம் படுத்துத் தூங்கட்டும், சரியாயிடும்" என்பதற்கு நேரமில்லை.

முதியோர் தொடர்பான எந்த உதவிக்கும் 14567 என்ற தேசிய உதவி எண்ணும் உண்டு.

மூன்று வழிகள், மூன்று கணக்குகள்

இனி பணத்துக்கு வருவோம். மேலே சொன்ன கற்பனை ஆசிரியைக்குக் கைக்கு வரும் சம்பளம் 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 18,000.

முதல் வழி, அதே பள்ளியில் தொடர்வது. பகல் முழுக்க ஓர் உதவியாளருக்கு 15,000, போக்குவரத்துக்கு 1,500 போனால் மிச்சம் 7,500.

இரண்டாவது வழி, பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கு மாறுவது. சம்பளம் 16,000-ஆகக் குறைகிறது. ஆனால் மதிய இடைவேளையில் வீட்டுக்கு வந்து போக முடியும் என்பதால் அரை நாள் உதவியாளர் போதும், அவருக்கு 7,000. மிச்சம் 9,000.

மூன்றாவது வழி, வேலையை விட்டுவிட்டு வீட்டில் டியூஷன். பத்துப் பிள்ளைகள், ஆளுக்கு 600 என்றால் 6,000. உதவியாளர் தேவையில்லை.

24,000 சம்பளத்தையும் 6,000 டியூஷனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மலைபோலத் தெரிந்த வித்தியாசம், செலவு கழித்தால் 1,500 ரூபாயாகிவிடுகிறது. ஒவ்வொரு வீட்டிலும் எண்கள் மாறும். கணக்குப் போடும் முறை இதுதான்.

ஆனால் கணக்கு இங்கே முடிவதில்லை. பி.எஃப். என்று ஒன்று இருக்கிறது. பழைய பள்ளியில் ஆசிரியையின் பங்காக மாதம் 1,800, நிர்வாகத்தின் பங்காக 1,800 போகிறது என்றால், அந்த 3,600-உம் அவருடைய பணம்தான். நிர்வாகம் போடுவதில் 1,250 ஓய்வூதியத்துக்குப் போகும். அதைச் சேர்த்தால் முதல் வழியின் மிச்சம் 7,500 அல்ல, 11,100. பக்கத்துப் பள்ளியில் பி.எஃப். இல்லையென்றால் அது 9,000-த்திலேயே நிற்கும். அங்கேயும் பி.எஃப். உண்டு, பிடித்தம் போகத்தான் 16,000 என்றால் 12,600 ஆகிவிடும்.

அதாவது, "பி.எஃப். உண்டா?" என்ற ஒரே கேள்வியில் பதில் தலைகீழாகிறது. 20 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு பி.எஃப். கட்டாயமில்லை. சின்ன நர்சரி பள்ளிகள் பலவற்றில் அது இல்லாமல் போவதற்கு இது ஒரு காரணம். நேர்காணலில் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படவே கூடாது.

பணத்தில் வராத ஒன்றும் உண்டு. போக வர இரண்டரை மணி நேரம் மிச்சமானால், 220 வேலை நாளுக்கு ஆண்டுக்கு 550 மணி நேரம். ஐம்பது வயதுக்கு மேல் அது தூக்கமாக, நடைப்பயிற்சியாக, சும்மா உட்கார்ந்து குடிக்கும் ஒரு டம்ளர் காபியாகத் திரும்பி வரும்.

விடும் தேதிக்கும் விலை உண்டு

தனியார் பள்ளி ஆசிரியர்களில் பலருக்குத் தங்களுக்குப் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி உண்டு என்பதே தெரியாது. ஆசிரியர்களையும் சேர்க்கும் விதமாகச் சட்டம் 2009-ல் திருத்தப்பட்டது. 1997 ஏப்ரல் 3 முதல் அது பொருந்தும். தனியார் பள்ளிகள் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயின. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆசிரியர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு இது உரிமை. கடைசிச் சம்பளத்தின் அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 18,000 சம்பளம், 14 ஆண்டுகள் என்றால் சுமார் 1,45,385 ரூபாய். ஆறு மாதத்துக்கு மேல் போன பகுதி முழு ஆண்டாகக் கணக்கிடப்படும். 14 ஆண்டு 5 மாதத்தில் விடுவதற்கும் 14 ஆண்டு 7 மாதத்தில் விடுவதற்கும் இடையே 10,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். கோபத்தில் இன்றைக்கே ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு முன் பணியில் சேர்ந்த தேதியை எடுத்துப் பார்ப்பது நல்லது.

பணிக்கொடை கேட்டு எழுத்துப்பூர்வமாக விண்ணப்பித்து, ஒரு நகலில் பள்ளியின் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். 30 நாளுக்குள் தராவிட்டால் வட்டியோடு தர வேண்டியிருக்கும். தர மறுத்தால் தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.

பி.எஃப். பணத்தை "மருந்துச் செலவுக்கு" என்று மொத்தமாக எடுத்துவிடும் பழக்கமும் இருக்கிறது. அடுத்த வேலை கிடைத்தவுடன் அதே யு.ஏ.என். எண்ணில் புதிய கணக்குக்கு மாற்றிவிடுவதே நல்லது. 10 ஆண்டு சேவை இருந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. 14 ஆண்டு சேவை, 15,000 ரூபாய் உச்ச வரம்புச் சம்பளம் என்றால் மாதம் 3,000 ரூபாய் வரும். 50 வயதுக்கு மேல் முன்கூட்டியே வாங்கினால் ஒவ்வொரு ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும். 3,000 சின்னத் தொகைதான். ஆனால் 58 வயதுக்குப் பிறகு சொந்த மாத்திரைச் செலவுக்கு யாரிடமும் கை நீட்ட வேண்டியிருக்காது.

அரசுப் பள்ளியின் கதவு இன்னும் மூடவில்லை

"இந்த வயசுல யாரு வேலை தருவாங்க?" என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாட்டில் இதற்கே ஒரு வரலாறு இருக்கிறது. முன்பு 57 வயது வரை அரசுப் பள்ளி ஆசிரியராக நியமிக்கப்படலாம் என்ற நிலை இருந்தது. 2020-ல் அது பொதுப்பிரிவுக்கு 40, மற்றவர்களுக்கு 45 என்று குறைக்கப்பட்டது. தேர்ச்சி பெற்றுக் காத்திருந்தவர்கள் கொதித்தார்கள். 2021-ல் 45, 50 என்று உயர்ந்தது. தொடர் போராட்டங்களுக்குப் பிறகு 2023-ல் பொதுப்பிரிவுக்கு 53, இதரப் பிரிவினருக்கும் ஆதரவற்ற விதவைகளுக்கும் 58 என்றானது. ஓய்வு வயது 2020-ல் 58-லிருந்து 59 ஆகி, 2021-ல் 60 ஆனது. ஆக, 52 வயதில் பணியில் சேர்பவருக்கு எட்டு ஆண்டுகள் கிடைக்கும்.

ஆனால் படிகள் இரண்டு. ஆசிரியர் தகுதித் தேர்வு என்ற டெட்டில் தேர்ச்சி பெற வேண்டும். 2018 அரசாணைப்படி அதற்கு மேல் தனியாக ஒரு நியமனப் போட்டித் தேர்வும் எழுத வேண்டும். டெட் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று 2021-ல் மத்திய அரசு அறிவித்தது. 2011 முதல் தேர்ச்சி பெற்றவர்களுக்கும் அது பொருந்தும். பழைய சான்றிதழ் பீரோவில் கிடந்தால் எடுத்துத் தூசு தட்டலாம்.

டெட் எழுதாதவர்கள் இதைத் தள்ளிப்போட முடியாத நிலையும் வந்துவிட்டது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, ஏற்கெனவே பணியில் இருக்கும் ஆசிரியர்களையும் தொட்டது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. ஐந்து ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் தொடரலாம்; ஆனால் டெட் இல்லாமல் பதவி உயர்வு கிடையாது. 52 வயதுக்காரருக்கு ஓய்வு வயது 60 என்றால் அவர் முதல் வகையில் வருகிறார். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை எடுக்கும் ஆசிரியை வேறு பள்ளிக்கு மாறும்போது, அங்கேயும் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும்.

டெட் என்பது 150 கேள்விகள், மூன்று மணி நேரம். குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம் என்று தலா 30. எட்டாம் வகுப்பு வரையிலான பட்டதாரி ஆசிரியர்களுக்கான இரண்டாம் தாளில் சொந்தப் பாடத்துக்கு 60. இருபது வருடம் வகுப்பெடுத்தவர் அதிகம் சறுக்குவது சொந்தப் பாடத்தில் அல்ல. படித்து மறந்துபோன குழந்தை உளவியலில்தான். அத்தைக்குக் கால் நீவிவிடும் அரை மணி நேரத்தில் காதில் ஒரு உளவியல் பாடம் ஓடட்டும். தோல்வியைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் நடந்த முதல் டெட்டில் ஒரு சதவீதம் பேர்கூடத் தேறவில்லை. அன்று தேறாதவர்களில் எத்தனையோ பேர் பின்னர் தேறி இன்று வகுப்பில் நிற்கிறார்கள்.

நிரந்தர வேலைக்குக் காத்திருக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி, பள்ளி மேலாண்மைக் குழு மூலம் நியமிக்கப்படும் தற்காலிக ஆசிரியர் பணி. 2022-ல் தொடங்கியபோது இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 என்றிருந்த தொகுப்பூதியம், பிறகு 12,000, 15,000, 18,000 என உயர்த்தப்பட்டது. காலிப் பணியிடம் இருந்தால்தான் வாய்ப்பு. நிரந்தரமாக்கக் கோர முடியாது. ஆனால் பள்ளிக்கு அருகில் வசிப்பவர்களுக்கு முன்னுரிமை உண்டு என்பதால், வீட்டைவிட்டுத் தூரம் போக முடியாதவருக்கு இது பொருந்தி வரும்.

தற்காலிக ஆசிரியர் என்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. இந்த நகருக்குப் பெயர் தந்த பாரதியாரே 1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்தவர்தான்.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது. பள்ளி வேலையும் வேண்டும், மாலையில் டியூஷனும் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டாம்.

விடுவதற்கு முன் கேட்டுப் பார்க்கலாமே

இருக்கும் பள்ளியிலேயே சில மாற்றங்களைக் கேட்டுப் பார்க்காமல் பலர் வெளியேறிவிடுகிறார்கள். தலைமையாசிரியரிடம் "வீட்ல ரொம்பக் கஷ்டம் மேடம்" என்று சொன்னால் ஆறுதல் கிடைக்கும்; மாற்றம் கிடைக்காது. என்ன வேண்டும் என்று குறிப்பாகக் கேட்க வேண்டும்.

"மேடம், ஜூன் வரைக்கும் எனக்கு முதல் பீரியட் வேண்டாம். கிளாஸ் டீச்சர் பொறுப்புக்குப் பதிலா சனிக்கிழமை சிறப்பு வகுப்பை நான் எடுத்துக்கறேன்."

இதில் கேட்பதும் இருக்கிறது, கொடுப்பதும் இருக்கிறது. பத்தாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்புக்கு மாறுவது, விழாப் பொறுப்புகளைக் குறைத்துக்கொள்வது, கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான வகுப்பை மட்டும் எடுப்பது எல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. அனுபவமுள்ள கணித ஆசிரியையை இழக்க எந்தப் பள்ளியும் அவசரப்படாது.

விடுப்பு விதிகளையும் படித்துப் பார்க்க வேண்டும். வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளத் தனி விடுப்பு மத்திய அரசு ஊழியர்களுக்கே இல்லை. ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, 20 நாள் அரைச் சம்பள விடுப்பு, 8 நாள் தற்செயல் விடுப்பு ஆகியவற்றைப் பெற்றோரைப் பராமரிக்கவும் பயன்படுத்தலாம் என்று 2025-ல் நாடாளுமன்றத்தில் அரசு விளக்கியது. தனியார் பள்ளியில் இவ்வளவு இருக்காது. அதனால்தான் ஜூலையிலேயே எல்லா தற்செயல் விடுப்பையும் தீர்த்துவிடாமல், மழை மாதங்களுக்கென்று நாலு நாளைப் பத்திரமாக வைப்பது புத்திசாலித்தனம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடி சுற்றுவட்டாரத் தெருக்களில் தண்ணீர் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். படுக்கையில் ஒருவர் இருக்கும் தரைத்தள வீட்டில், அக்டோபர் பிறந்ததுமே பத்து நாள் மாத்திரையும் டயப்பரும் உயரமான அலமாரியில் இருக்க வேண்டும். மாடி வீட்டுக்காரரிடமும் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும்.

புதிய பள்ளியில் முதல் நாள்

52 வயதில் புதிய ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைவது எளிதல்ல. தலைமையாசிரியைக்கு வயது 38 இருக்கலாம். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் மகள் வயதுப் பெண். ஸ்மார்ட் போர்டு எங்கே ஆன் செய்வது என்று எட்டாம் வகுப்புப் பையன் சொல்லிக் கொடுப்பான். கற்றுக்கொள்ளலாம், அந்தப் பையனுக்கும் அது பெருமைதான்.

நேர்காணலில் "ஏன் பெரிய பள்ளியை விட்டீர்கள்?" என்று கேட்டால் அழுகையும் வேண்டாம், மழுப்பலும் வேண்டாம். "வீட்டில் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறேன். பள்ளி வீட்டுக்கு அருகில் இருந்தால் லீவு எடுக்காமல் வர முடியும்" என்பது நேர்மையான பதில், நிர்வாகத்துக்கும் பிடித்த பதில். நடுவில் இரண்டு மூன்று ஆண்டு வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால் அதையும் அப்படியே சொல்லலாம். ஆர்டர் கையில் வந்த பிறகே பழைய இடத்தில் ராஜினாமா. பணி அனுபவச் சான்றிதழையும் அசல் சான்றிதழ்களையும் கையில் வாங்கிய பிறகே கடைசி நாள் கேக் வெட்டுவதெல்லாம்.

பார்த்துக்கொள்பவரை யார் பார்ப்பது?

படுத்திருப்பவரைப் புண் வராமல் காக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தனி ஆளாகத் தூக்கிப் புரட்டினால் முதலில் போவது பார்த்துக்கொள்பவரின் முதுகு. அடியில் ஒரு பருத்தித் துணியை விரித்து, இருவராகப் பிடித்து நகர்த்தும் முறையை வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளலாம். அவர் வரும் நாளில் கணவரும் மகனும் உடன் இருப்பது நல்லது. ஒருவர் மட்டும் கற்றுக்கொண்டால் அது அவருடைய வேலையாகவே ஆகிவிடும்.

ஐம்பது வயதுப் பெண்ணுக்குச் சொந்த உடம்பும் மாறும் காலம் அது. மாமியாரின் சுகர் ரிப்போர்ட் தேதி வாரியாக ஃபைலில் இருக்கும்; தன்னுடைய ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால் தெரியாது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருபவரிடமே தன் கையையும் நீட்டிவிடலாம். தூக்கமே வரவில்லை, எல்லோர் மீதும் எரிச்சல், காரணமில்லாமல் அழுகை என்று நாள்கள் போனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைத்துப் பேசலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

குற்ற உணர்ச்சியையும் இங்கே சொல்லியாக வேண்டும். வகுப்பில் நிற்கும்போது அத்தை தனியாக இருப்பாரே என்று தோன்றும். அத்தைக்குக் கஞ்சி ஊட்டும்போது திருத்தாத நோட்டுகள் நினைவுக்கு வரும். இரண்டு இடத்திலும் அரைகுறையாக இருப்பதாகவே மனசு சொல்லும். ஆனால் மாமியாரே பல வீடுகளில் மருமகள் வேலையை விடுவதை விரும்புவதில்லை என்பதையும் பார்க்கலாம். தன்னால் ஒருத்தியின் வேலை போயிற்று என்ற பாரத்தைச் சுமக்க எந்த முதியவரும் ஆசைப்படுவதில்லை. முடிவெடுக்கும் பேச்சில் அவரையும் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். பேச்சு குழறினாலும் தலையசைக்கத் தெரியும்.

பள்ளிக்கூடத்துக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. வருடம் ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிந்துவிடுகிறது. ஆகவே இந்த முடிவையும் ஆயுள் முடிவாக எடுக்க வேண்டியதில்லை. ஒரு கல்வியாண்டுக்கு எடுத்தால் போதும். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் ஒரு நாள் குடும்பமாக உட்கார்ந்து, கையில் நின்ற பணம் எவ்வளவு, அத்தை நாலு அடி நடந்தாரா, டெட் தாளில் எத்தனை மதிப்பெண் வருகிறது, பார்த்துக்கொள்பவர் இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று நாலு விஷயங்களை மட்டும் எழுதிப் பார்க்கலாம். நாலில் மூன்று சரியாகப் போனால் அதே ஏற்பாடு தொடரட்டும். இரண்டுக்கு மேல் இடித்தால் ஏப்ரலில் வேறு வழி பார்க்கலாம். அதற்கான விண்ணப்பத்தை ஜனவரியிலேயே எழுதி வைத்துவிட்டால் இன்னும் நல்லது.